கிருபையின் நடை

கம்பெனியின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்த இடத்தில்தான் தேவபிரசாதத்துக்கு நெஞ்சை அடைத்தது. மாரடைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் கல் மாதிரி இருந்தார். ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது என்று மே மாதம் மாலை போட்டு அனுப்பிவைத்தார்களே தவிர, இன்னும் பத்து வருஷம் வெயிலில் நின்று மூட்டை எண்ணுகிற தெம்பு அவரிடம் இருந்தது. அடைத்தது வேறொன்றுக்காக.

விழா என்றால் வழக்கமான கூத்துதான். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்தக் கப்பல் கம்பெனியின் குடோனைக் காலி செய்து, நாற்காலி போட்டு, மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து ஒரு மணி நேரம் பேசி, எல்லோருக்கும் கேக்கும் மிக்சரும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு படம். நாற்பதுகளில் இங்கே உதவி மேனேஜராக இருந்த பெர்சி துரைக்குச் சினிமாப் பிடிக்கிற பைத்தியம் உண்டு. சாவி கொடுத்தால் ஓடுகிற கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு கண்டதையெல்லாம் பிடிப்பார். அவர் செத்த பிறகு லண்டனில் இருக்கும் மகள் பரணில் ஒரு தகரப் பெட்டியைக் கண்டெடுத்திருக்கிறாள். உள்ளே பூஞ்சணம் பிடித்த பிலிம் சுருள்கள். வேறு யாராவது என்றால் குப்பையில் போட்டிருப்பார்கள். அந்தப் புண்ணியவதி அதை ஒரு லேபரட்டரியில் கொடுத்து, அழுக்கெடுத்து, கீறல் எடுத்து, வீட்டு மெஷினில் ஓட்டிப் பார்க்கிற மாதிரி புதுப் பிரதி போட்டு, விழாவுக்கு அனுப்பிவைத்திருந்தாள்.

படத்தில் பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. நடுநடுவே கறுப்பு அட்டையில் வெள்ளை இங்கிலீஷ் எழுத்து வரும், போகும். பாய் விரித்த தோணிகள் வந்தன. கரையில் குவித்த சங்கு வந்தது. ஆனால் எல்லாமே ஓட்டம். தோணிக்காரன் ஓடுகிறான், சங்கு குளிக்கிறவன் ஓடுகிறான், துரையின் நாய்கூட இறக்கை முளைத்தது போல ஓடுகிறது. நாற்காலிகளில் சிரிப்பு தொடங்கிவிட்டது. பிறகு ‘உப்பு ஏற்றுதல், டூட்டிகோரின், மார்ச் 1949’ என்று ஒரு அட்டை. பலகை மேலே தலையில் மூட்டையோடு ஆட்கள் தடதடவென்று ஓடினார்கள். ஓரத்தில் ஒரு உயரமான பெண் குடுகுடுவென்று வந்து, நின்று, ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பி, குடுகுடுவென்று போனாள்.

“ஏலே, வாத்து ஓடுத மாதிரில்லா ஓடுதா!” என்று பின்வரிசையில் ஒருத்தன் கத்தினான். குடோனே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். மெட்ராஸ் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் கிருபை. தேவபிரசாதத்தின் மனைவி. டைபாய்டு வந்து செத்து இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது.

அவள் திரும்பிப் போகிறபோதுதான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. தெரிவதற்குள் போய்விட்டாள். பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடித்து, “பாத்தியளா அண்ணாச்சி, என்ன ஓட்டம்!” என்றார். தேவபிரசாதம் என்ன செய்தார் தெரியுமா? அவரும் சிரித்தார். அது என் பெண்சாதி என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். சொல்லவில்லை. எல்லோரோடும் சேர்ந்து பல்லைக் காட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்புக்காகத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏனென்றால் கிருபை ஓடுகிற ஆளே இல்லை. நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுடைய நடைக்கு இந்த ஊர்ச் சபையில் தனிப் பெயர் உண்டு. கோயில் மணி அடித்து, முதல் பாட்டு முடிந்து, ஜெபம் முடிகிற நேரத்துக்கு அவள் வாசல்படியில் கால் வைப்பாள். மழை வந்தாலும் அதே நடைதான், நாய் துரத்தினாலும் அதே நடைதான். கூட நடந்து போகிறவர்களுக்கு உயிர் போகும். “கொஞ்சம் எட்டிப் போடேன் தாயி” என்று தேவபிரசாதமே எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறார். அப்போதெல்லாம் அவள் ஒன்றும் பேசமாட்டாள். வேகத்தையும் கூட்டமாட்டாள்.

வீட்டில் அவளுடைய படம் ஒன்றே ஒன்று இருந்தது. கல்யாணப் படம். நாற்காலியில் உட்காரவைத்து, அசையாதே என்று மிரட்டி எடுத்த படம். குரல் அவருக்கு மறந்து ரொம்ப நாளாகிவிட்டது. முகம், இந்தப் படத்து முகம்தான். இது இல்லாத வேறு முகம் இருந்ததா என்று சந்தேகமாகக்கூட இருந்தது. மறக்காமல் மிஞ்சியிருந்தது அந்த நடை மட்டும்தான். கண்ணை மூடினால் வாசலிலிருந்து அடுக்களைக்குப் போவாள், அடுக்களையிலிருந்து வாசலுக்கு வருவாள். இப்போது கண்ணை மூடினால் குடுகுடுவென்று ஓடுகிறாள். இரண்டு நாளாக அப்படித்தான். இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டார்களே என்று அவருக்கு அழுகை வந்தது.

அழுதால் கேட்க ஆள் வேண்டுமே! பிள்ளை இல்லை. மறுகல்யாணத்துக்குப் பெண் பார்த்து அலுத்துப்போன அக்காளும் ஏரலில் செத்துப்போய்விட்டாள். வேலை இருந்தவரை துறைமுகத்து இரைச்சலில் பொழுது போயிற்று. இப்போது காலையில் பால்காரனிடம் பேசுகிற முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக் கரகரக்கும். அது தெளிவதற்குள் அன்றைய பேச்சு முடிந்துவிடும். மூன்றரை மணிக்கே ராச்சோற்றை வடித்து வைத்துவிட்டு, ஆறு மணி எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருப்பார். தனிமை என்று அதற்குப் பெயர் வைக்கக்கூட அவருக்குத் தோன்றியதில்லை. பென்ஷன்காரர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, சட்டையை மாற்றிக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனார். மேனேஜர் சின்ன வயசு, வடக்கேயிருந்து வந்தவர். அவர் மேஜை மேலேயே அந்த வட்டத் தகர டப்பா இருந்தது.

“அந்த பிலிம ஒரு நாளைக்குக் குடுங்க சார்” என்றார் தேவபிரசாதம்.

“இது திங்கட்கிழமை ஹெட் ஆபீஸுக்குப் போகணுமே. எதுக்கு?”

“உப்பு ஏத்துற எடத்துல தெரிஞ்ச ஆளு ஒண்ணு வருது. ஒருக்கப் பாக்கணும்.”

முப்பது வருஷம் ஒரு மூட்டைகூட வித்தியாசம் வராமல் எண்ணிக் கொடுத்த கிழவர், வாயைத் திறந்து ஒன்று கேட்கிறார். மேனேஜர் டப்பாவை நகர்த்தி வைத்தார். “திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு என் மேஜையில இருக்கணும். கீறல் விழுந்துச்சுன்னா, என்னைத் தொலைச்சுடுவாங்க.” தேவபிரசாதம் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்கள் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், செந்தில் போட்டோ ஸ்டூடியோவுக்கு நடந்தார். ஸ்டூடியோ தாணுலிங்கத்தினுடையது. நாற்பத்தைந்து வயது, பெரிய வாய், அதைவிடப் பெரிய மனசு. ஒரு மிஷன் பங்களாவை ஏலம் விட்டபோது பழைய ஊமைப்பட புரொஜெக்டர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். எதற்கு வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. அவர் மனைவி சந்தனமாரி அதை ‘அந்தச் சனியன்’ என்றுதான் சொல்லுவாள்.

“ஆபீஸ்ல காட்டுனப்பம் படத்துல அவ்வளவு பேரும் ஓடுனாவளா? பின்ன ஓடாம என்ன செய்வாவ!” தாணுலிங்கம் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “அவிய வாடகைக்கு எடுத்தது பேசும்பட மெஷினு அண்ணாச்சி. அது செகண்டுக்கு இருவத்தி நாலு படம் தள்ளும். துரை கேமரா பதினாறு பிடிச்சிருக்கும், பதினெட்டு பிடிச்சிருக்கும். மெதுவாப் பிடிச்சத வேகமாத் தள்ளுனா, நடக்குதவன் ஓடத்தான செய்வான்?”

“அப்பம் இத பைய ஓட்ட முடியுமா?”

“நம்ம சனியன்ல முடியும். இந்தா, இந்தத் திருகத் திருப்புனா போதும்.” தாணுலிங்கம் பெருமையாக மெஷினின் பக்கவாட்டில் தட்டினார். “ஆனா எவ்வளவு பையன்னு யாரு சொல்லுதது? துரைல்லா சொல்லணும்? அவரு செத்துப் போனாரு. போதாததுக்கு, சாவி குடுத்த கேமரா. சாவி எறங்க எறங்க அது தன்னால மந்தமாவும். ஒரே வேகம் வச்சாலும் சரிப்படாது.”

“அத நான் சொல்லுதேன்” என்றார் தேவபிரசாதம்.

“நீங்க எப்பிடிச் சொல்லுவிய?”

“மூட்டைய எண்ணிச் சொல்லுதேன்.”

தாணுலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கிழவருக்கு மூளை பிசகிவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்திருப்பார். ஆனால் தேவபிரசாதம் சொன்னது வெறும் பேச்சில்லை. அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் ஐந்தாறு மைல் தள்ளியே நிற்கும். உப்பு முதலில் தோணியில் ஏறி, தோணி கப்பலுக்குப் போகும். கடலுக்குள் நீண்டிருந்த இறங்குதுறைப் பாலத்துக்கும் தோணிக்கும் நடுவே ஒரு நீளப் பலகை. தலையில் உப்பு மூட்டையோடு அதன் மேல் நடந்தால் பலகை மேலும் கீழும் ஆடும். ஆடுகிற ஆட்டத்துக்குத் தக்கபடிதான் கால் வைக்க முடியும். அவசரப்பட்டால் பலகை ஆளைத் தூக்கிக் கடலில் போட்டுவிடும். தயங்கினால் பின்னால் வருகிறவன் மோதுவான். கூலியை இரட்டித்துக் கொடுத்தாலும் சரி, துரை கத்தினாலும் சரி, நிமிஷத்துக்குப் பதினைந்து மூட்டை. பதினாறு போகாது. பதினாலும் ஆகாது. அந்தப் பலகை ஓரத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணுகிற டாலி கிளார்க்காக முப்பது வருஷம் வாழ்ந்தவர் தேவபிரசாதம். பலகையின் ஆட்டம் அவர் உடம்பிலேயே ஊறிப் போயிருந்தது.

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, தாணுலிங்கத்துக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. “அட, அப்பம் பலகையே கடிகாரம்னு சொல்லுங்க!” என்று ஜன்னல் பலகைகளைச் சாத்தினார். கறுப்புத் திரையை இழுத்துவிட்டார். அரண்மனைத் தோட்டம் வரைந்த சீலையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரியும்படி மாட்டினார். நடுப்பகல் பன்னிரண்டரைக்கு ஸ்டூடியோ இருட்டாயிற்று.

“ஒண்ணு சொல்லிருதேன். பைய ஓட்டுனா பல்பு சூடு பிலிம்ல கூடுதலா நிக்கும். பொசுங்கிச்சின்னா நீங்க மேனேஜருக்கும் நான் ஒங்களுக்கும் பதில் சொல்லணும். உப்பு எடம் மட்டும் அஞ்சு தடவ ஓட்டுதேன். அதுக்கு மேல மெஷினும் தாங்காது, நானும் தாங்கமாட்டேன்.”

“அஞ்சு போதும்” என்றார் தேவபிரசாதம். இடுப்பு மடியிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

முதல் தடவை தாணுலிங்கம் ஒரு குத்துமதிப்பில் வைத்தார். ஆட்கள் கழுத்தளவு தண்ணீரில் நடப்பதுபோல மிதந்தார்கள். “லாபம், ரெண்டு, மூணு…” துறைமுகத்து எண்ணிக்கையில் ஒன்று என்பது கிடையாது, லாபம் என்றுதான் தொடங்கும். நிமிஷத்துக்குப் பதினொன்றுதான் வந்தது. இரண்டாம் தடவை பதினேழு. “கொஞ்சம் கொற. கொற. நில்லு.” மூன்றாம் தடவை பதினைந்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. துரை மூன்று துண்டாகப் பிடித்திருந்தார். சாவி தீர்ந்ததும் நிறுத்தி, மறுபடி முறுக்கி, நின்ற இடத்திலிருந்தே திரும்பவும் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் வேகத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. தேவபிரசாதம் கண் இமைக்காமல் பலகையையே பார்த்தார். விரல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. நாலு தட்டு, ஐந்தாவதுக்கு ஒரு இழுப்பு.

“இது சரிதானா அண்ணாச்சி? இப்படியே வச்சிரட்டா?” என்றார் தாணுலிங்கம் பின்னாலிருந்து.

தேவபிரசாதத்தின் இடது கை மட்டும், உள்ளங்கை பின்பக்கமாக, மேலே எழுந்தது. தலை திரும்பவில்லை.

“வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிந்துரும்?”

கை அப்படியே நின்றது. டாலி நிற்கிறவனுடைய வழக்கம் அது. எண்ணிக்கை நடுவே அப்பனே வந்து கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, திரும்பக் கூடாது. கையைத் தூக்கினால், பொறு என்று அர்த்தம். துறைமுகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். ஒரு மூட்டை தவறினால் தோணிச் சரக்கையே இறக்கித் திரும்ப எண்ண வேண்டும். தேவபிரசாதம் ஒரு தடவைகூட அப்படி இறக்கவைத்தது கிடையாது.

சுருள் முடிந்து விளக்குப் போட்டதும்தான் அவர் கையை இறக்கினார். “சரியா இருக்கு தாணு. பதினஞ்சு” என்றார். முகமெல்லாம் வேர்வை. தாணுலிங்கம் ஒவ்வொரு துண்டுக்கும் திருகில் பென்சிலால் கோடு கிழித்துவைத்துக்கொண்டார். மூன்று தடவை ஓடிவிட்டது. மூன்று தடவையும் தேவபிரசாதம் மூட்டையைத்தான் பார்த்தாரே தவிர, கிருபையைப் பார்க்கவில்லை. இனிமேல் எண்ண வேண்டியதில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாலாம் தடவை ஓடியது.

வந்தாள். ஐயோ, அதே நடை! பாலத்தின் கோடியிலிருந்து, உலகத்தில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்பதுபோல, ஒவ்வொரு அடியாக வந்தாள். வலது தோள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பிறகு இடுப்பு, பிறகு கால். சேலைத் தலைப்பு காற்றில் பறக்கிறது, அவள் அதைக் கவனிக்கவில்லை. தேவபிரசாதம் வாய்விட்டு, “இந்தா வாராள்லா!” என்றார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாணுலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல, தெருவில் போகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைக்க வேண்டும் போல இருந்தது. வாத்து என்றானே, அந்தப் பயல் இப்போது வந்து பார்க்கட்டும்!

அவள் பலகைப் பக்கமாக வந்து நின்றாள். அங்கே ஒரு தக்கைத் தொப்பிக்காரன், முதுகைக் காட்டிக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி நிற்கிறான். கிருபையின் வாய் அசைந்தது. தொப்பிக்காரன் திரும்பவில்லை. அவனுடைய இடது கை மேலே எழுந்தது. உள்ளங்கை பின்பக்கமாக.

தேவபிரசாதத்துக்குத் தன் முதுகை அடையாளம் தெரிய அவ்வளவு நேரம் ஆயிற்று. தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? அந்தக் கையை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

கிருபை நின்றாள். அவள் கையில் தூக்குச்சட்டி இல்லை, குடை இல்லை, ஒன்றுமே இல்லை. தொப்பிக்காரனின் பக்கத்தில் ஒரு கரும்பலகை. ஐம்பது மூட்டை ஏறியதும் அவன் அதில் ஒரு கோடு போடுவான். முதல் துண்டில் அதில் இரண்டு கோடு இருந்தது. படம் ஒரு வெட்டு வெட்டியது. இரண்டாம் துண்டு. கரும்பலகையில் நாலு கோடு. கிருபை அங்கேயே நிற்கிறாள். நெற்றிக்கு மேலே கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொள்கிறாள். மறுபடி ஒரு வெட்டு. மூன்றாம் துண்டு. ஏழு கோடு. இன்னும் நிற்கிறாள். மூட்டை தூக்குகிறவன் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டுத் தொப்பிக்காரனைப் பார்க்கிறான். அவள் ஒரு தடவை துரையின் கேமராவைப் பார்த்தாள். முகம் நேராக, அப்படியே இங்கே பார்த்தாள். கல்யாணப் படத்தில் இல்லாத முகம். பிறகு மெள்ளத் திரும்பி, வந்த வழியே, அதே நடையில் போனாள்.

இரண்டிலிருந்து ஏழு. ஐந்து கோடு. இருநூற்றைம்பது மூட்டை. பதினைந்தால் வகுக்க அவருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. பதினேழு நிமிஷம். மார்ச் மாத வெயிலில், பாலத்து மேலே, ஆம்பிளைகள் நடுவே, பதினேழு நிமிஷம்.

விளக்கு எரிந்தது. “இப்பம் நட சரியா இருக்குல்லா அண்ணாச்சி? ராணி கணக்கால்லா போறாவ!” தாணுலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “யாரு அது, ஒங்க சொந்தமா?”

“எம் பெஞ்சாதி.”

தாணுலிங்கத்தின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். “அந்தத் தொப்பிக்காரரு யாரு? மனுசன் ஒரு தடவ திரும்பிப் பாக்கக் கூடாதா?” என்றார்.

“நான்தான்.”

மெஷினின் பல்பு ஆறுகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. சந்தனமாரி அடுக்களையில் எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஞாபகமே இல்ல தாணு” என்றார் தேவபிரசாதம். “அவ பாலத்துக்கு வந்ததே எனக்கு ஞாபகமில்ல. ஒரு நாளும் வரமாட்டா. வந்திருக்கா. என்னத்துக்கு வந்தா? நெழலப் பாத்தா பகல் பதினோரு மணி இருக்கும், அந்நேரம் வெறுங்கையோட ரெண்டு மைல் நடந்து ஒரு பொம்பள சும்மா வருவாளா? அன்னைக்கு ராத்திரி சோறு போட்டிருப்பா. நான் தின்னுருப்பேன். எதுக்கு வந்தன்னு கேட்டேனா, அதுவும் தெரியல. கேட்டிருந்தா சொல்லியிருப்பா. கேக்கலன்னுதான் நெனைக்கேன்.”

“வேலை நேரத்துல நீங்க என்ன செய்விய அண்ணாச்சி…”

“மூட்டை எண்ணுனேன்” என்றார் அவர். “அம்பதாவது மூட்டைக்குக் கோடு போட்டதும் ஒரு நிமிசம் நிறுத்தலாம். கைய நீட்டுனா பலகையில எல்லாவனும் நிப்பான். அதுக்கு வழி உண்டு. அஞ்சு தடவ கோடு போட்டிருக்கேன். அஞ்சு தடவையும் திரும்பல.” ஐம்பத்தெட்டு வயது ஆள், முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தெரியாமல், கண்ணீர் பாட்டுக்கு வழியும்படி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம், தான் அவளை நினைத்துத் தனியாகக் காத்துக்கிடப்பதாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். காத்து நின்றவள் அவள்.

தாணுலிங்கம் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கிறவரை சுருளைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு தொட்டுப் பார்த்து, “பல்பு கொதிக்கு அண்ணாச்சி. இன்னும் ஒரே ஒரு தடவதான். நாளைக்கி மெட்ராஸுக்குப் போயிட்டுதுன்னா பெறகு எங்கன பாக்க? நல்லாப் பாத்துக்கிடுங்க. பென்சில் கோட்டுலயே வைக்கேன்” என்றார்.

“வேண்டாம்” என்றார் தேவபிரசாதம்.

“பாக்க வேண்டாமா?”

“பாக்கணும். பைய வேண்டாம். ஆபீஸ்ல ஓட்டுனாவளே, அந்த வேகத்துல ஓட்டு.”

தாணுலிங்கத்துக்குக் கோபமே வந்துவிட்டது. “என்ன சொல்லுதிய? அந்தக் கோட்டப் பிடிக்கத்தான இம்புட்டு நேரம் பாடுபட்டோம்? கடைசித் தடவ அண்ணாச்சி. ஓட்டத்துல ஒண்ணுமே தெரியாது. முகங்கூடத் தெரியாது.”

“தெரியாண்டாம்” என்றார் அவர். “அவ வெயில்ல நிக்கா தாணு. சீக்கிரம் வீட்டுக்குப் போவட்டும்.”

தாணுலிங்கம் விளக்கை அணைத்தார். திருகைக் கடைசிவரை திருப்பும் சத்தம் இருட்டில் கேட்டது.

கிருபை குடுகுடுவென்று வந்தாள், கொஞ்சம் நின்றாள், குடுகுடுவென்று போய்விட்டாள். இருவரும் சிரிக்கவில்லை.